மிளகாய்ப் பூவில் ஒளிந்த பேன்

குண்டூர் வயலை அழித்த பூச்சிக்கு நியூ அலிப்பூரில் அடையாளம் கண்ட கதை

2022-ஆம் ஆண்டு மிளகாய் வற்றல் விற்ற விலையை, சம்பளத் தேதிக்குக் காத்திருந்து மளிகை வாங்குகிற குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அரைக் கிலோ வாங்குகிற கை கால் கிலோவோடு நின்றது. காரணம் கேட்டவர்களுக்குக் கடையில் கிடைத்த பதில் அநேகமாக ஒன்றே: "குண்டூர்ப் பக்கம் பூச்சி விழுந்துவிட்டது." என்ன பூச்சி, எந்த ஊர்ப் பூச்சி என்று கடைக்காரரும் சொல்லவில்லை, வாங்க வந்தவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பூச்சி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலாகக் கண்டு எழுதியவர்கள் குண்டூர்க்காரர்கள் அல்லர். கொல்கத்தாவில், நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகிற அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்குச் சில மைல் தெற்கே உட்கார்ந்திருப்பவர்கள். குண்டூர் வயலில் பூச்சி வெடித்தது 2021-ன் கடைசியில். இவர்கள் எழுதியது 2015-ல். ஆறு வருஷம் முந்தி!

உயிரில்லாத மிருகசாலை

அலிப்பூரில் இரண்டு மிருகசாலைகள் உண்டு என்று சொன்னால் தவறில்லை. ஒன்று 1876-ல் திறந்தது. புலியும் நீர்யானையும் உள்ளது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். மற்றொன்று மாஜேர்ஹாட்டைத் தாண்டி நியூ அலிப்பூர் எம் பிளாக்கில் இருக்கிறது. 'பிராணி விஞ்ஞான் பவன்' என்று பெயர். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைமை அலுவலகம் அதுதான். அங்கே ஒரு பிராணியும் கத்தாது, நடக்காது. கண்ணாடிச் சீசாக்களில் ஸ்பிரிட்டில் மிதப்பவை, ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தவை, கண்ணாடித் துண்டில் பசையிட்டு ஒட்டியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது.

இத்துறை 1916 ஜூலை 1-ல் தொடங்கிற்று. முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். முதலில் சவுரங்கி மியூசியத்தில் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, கல்கத்தாவில் குண்டு விழும் என்ற பயத்தில், 1942-ல் சீசாக்களையெல்லாம் மூட்டை கட்டிக் காசிக்குக் கொண்டு போனார்கள். வருணா நதிக்கரையில் கைசர் காசில் என்ற மாளிகையில் வைத்தார்கள். அடுத்த வருஷமே நதி பெருகி உள்ளே புகுந்துவிட்டது! குண்டுக்குப் பயந்து போன இடத்தில் வெள்ளம். சீட்டு கரைந்துபோன சீசாவுக்குள் இருக்கும் மீன் வெறும் மீன்தான்; எந்த ஆற்று மீன் என்று யாரும் சொல்ல முடியாது. பார்சல் ஆபீஸில் விலாசம் கிழிந்த மூட்டைக்கு நேரும் கதியே அதற்கும்.

யுத்தத்துக்குப் பிறகு மிஞ்சியவை கல்கத்தாவுக்குத் திரும்பின. பிறகு சித்தரஞ்சன் அவென்யூவில் சில காலம், இப்போது நியூ அலிப்பூரில். இந்தியாவில் உள்ள பிராணி வகைகளின் முழுப் பட்டியலை 2024 ஜூன் 30-ல் இத்துறை வெளியிட்டது. அதில் கண்ட எண்ணிக்கை 1,04,561. பட்டியல் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. அந்த 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் 683 சேர்ந்தன. 459 உலகத்துக்கே புதியவை. 224 வேறு நாட்டில் தெரிந்தவை, இந்தியாவில் அப்போதுதான் அகப்பட்டவை.

இந்த இரண்டாவது ரகத்தில்தான் மிளகாயின் எமன் ஒரு சமயம் பதிவாயிற்று.

ஒற்றைத் தாடைப் பூச்சி

இலைப்பேன் என்று நம் விவசாயிகள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'த்ரிப்ஸ்'. ஒன்றானாலும் த்ரிப்ஸ், ஆயிரமானாலும் த்ரிப்ஸ். அந்தச் சொல்லுக்கு ஒருமை தனியாகக் கிடையாது. ஒன்றாக அது அகப்படுவதே அபூர்வம் என்பதால் இதில் குறையொன்றும் இல்லை. தலைப்பேனுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

நீளம் ஒரு மில்லிமீட்டர், கூடினால் இரண்டு. சிறகு என்று சொல்வது ஒரு குச்சியும் அதன் ஓரத்தில் குஞ்சமும்தான். இந்தச் சிறகை வைத்துக்கொண்டு காற்றில் மிதந்து ஊர்விட்டு ஊர் போகும். தாடை ஒன்றே ஒன்று! இடது தாடை மட்டும் வளரும்; வலது தாடை முட்டைக்குள் இருக்கும்போதே தேய்ந்து மறைந்துவிடும். அந்த ஒற்றைத் தாடையால் இலையின் தோலைக் குத்தி, ஊசி போன்ற குழாயை இறக்கி, சாற்றை உறிஞ்சும். சாறு போன இடம் வெள்ளி பூசினாற்போல் வெளுக்கும்.

தாய்ப்பேன் முட்டையை இலைச் சதைக்கு உள்ளேயே சொருகிவிடும். ஆண் சேராமல் இட்ட முட்டையும் பொரிக்கும். அதிலிருந்து ஆண் பிறக்கும். ஆகவே ஒரு நாற்றுக்கட்டில் ஒரே ஒரு பெண் பேன் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வம்சம் தழைக்க வழி இருக்கிறது. குஞ்சு வளர்ந்து மண்ணில் விழுந்து கூட்டுப்பருவம் கழித்து மறுபடி மேலே ஏறும். எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

இந்தியாவில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட இலைப்பேன் வகைகள் உண்டு. எல்லாம் பயிருக்குப் பகை அல்ல. காளானைத் தின்று பிழைப்பவை உண்டு. பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பவையும் உண்டு. பகையைப் பார்த்து மருந்து அடிக்க வேண்டுமானால் எது பகை என்று முதலில் தெரிய வேண்டும். தெரிந்துகொள்வது லேசான காரியம் அல்ல. மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, முதுகில் எத்தனை மயிர், கொம்பில் எத்தனை கணு என்று எண்ண வேண்டும்.

லயோலாவிலிருந்து வந்தவர்

மயிர் எண்ணுகிற இந்த வேலையை இந்தியாவில் ஒரு பெரிய கலையாக வளர்த்தவர் ஒரு சென்னைப் பேராசிரியர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. டி.என். அனந்தகிருஷ்ணன். 1925-ல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பேராசிரியராக இருந்து, அங்கே பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1970-களின் பிற்பகுதியில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அத்துறையின் கையேட்டு வரிசையில் 1980-ல் வந்த இலைப்பேன் புத்தகத்தை எழுதிய இருவரில் அவர் ஒருவர். அவர் காலமானது 2015-ல்.

அவர் வெறும் பெயர்ப் பட்டியல் போட்டவர் அல்லர். பூச்சி ஏன் இந்தச் செடியைத் தேடிப் போகிறது, அந்தச் செடியை ஏன் தொடுவதில்லை, கடிபட்ட இலைக்குள் என்ன ரசாயன மாறுதல் உண்டாகிறது என்று கேட்டவர். மிளகுக் கொடியின் இலை ஓரம் சுருண்டு தடித்துப் போவதை மலைத்தோட்டக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் ஒரு இலைப்பேனின் வேலை. பேன் உறிஞ்ச உறிஞ்ச, இலையே வளைந்து வளர்ந்து அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது. மலைக்குப் போகவேண்டியதில்லை, தோட்டங்களில் வேலியாக வளர்க்கும் ஃபைகஸ் செடியில் நடுவே மடிந்த இலை ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலும் போதும். உள்ளே கறுப்பாக ஓடுவது தாய். வெளுப்பாக நெளிவது குஞ்சு.

பெங்களூர்ப் பப்பாளியில் அகப்பட்டது

இனி 2015-க்கு வருவோம். பெங்களூரில் பப்பாளித் தோட்டங்களில் பிடித்த இலைப்பேன்கள் நியூ அலிப்பூர் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தன. மயிரையும் கணுவையும் எண்ணிப் பார்த்ததில் இந்நாட்டுக் கணக்கில் இல்லாத ஒன்று என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? உடம்பின் உள்ளே இருக்கும் சாட்சியையும் விசாரித்தார்கள்.

டி.என்.ஏ. என்பது உயிரணுவுக்குள் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஓலை. அதில் சுமார் 650 எழுத்துள்ள ஒரு குறிப்பிட்ட துண்டு, பிராணிக்குப் பிராணி போதிய அளவு மாறுபடுகிறது. அந்தத் துண்டை மட்டும் படித்துப் பார்த்தால் இன்ன இனம் என்று சொல்லிவிடலாம். கடையில் சாமானின் மேல் இருக்கும் கோடு கோடான அடையாளத்தைக் கருவி படிப்பதுபோல. கனடா விஞ்ஞானி பால் ஹெபர்ட் 2003-ல் இந்த வழியைச் சொன்னார். இதில் ஒரு பெரிய சவுகரியம் உண்டு. இலைப்பேன் குஞ்சுகளை உருவத்தால் பிரித்தறிவது மகா கடினம். டி.என்.ஏ.வுக்குக் குஞ்சும் ஒன்று, கிழமும் ஒன்று. காலொன்று உதிர்ந்திருந்தாலும் கவலை இல்லை.

இரண்டு சாட்சியும் ஒரே பெயரைச் சொல்லின: 'த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ்'. கார்னி என்ற ஆஸ்திரிய நிபுணர் 1922-ல் சயாம் நாட்டு மாதிரியைக் கண்டு வைத்த பெயர். இந்தோனேசியா முதலிய கிழக்கு நாடுகளில் பழக்கப்பட்ட பூச்சி. இந்தியாவுக்குப் புதிது. 2015-ல் கட்டுரை அச்சாயிற்று. சீட்டு எழுதி, கண்ணாடித் துண்டை அலமாரியில் வைத்தார்கள்.

பூவுக்குள் புகுந்த பகை

மிளகாய்க்கு இலைப்பேன் புதிது அல்ல. நம் ஊரில் பழைய பகை ஒன்று உண்டு; 'ஸ்கிர்ட்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ்' என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1919-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அது இளம் இலையைக் கடிக்கும். இலை படகுபோல் மேல்நோக்கிச் சுருளும். கீழ்நோக்கிச் சுருண்டால் அது சிலந்திப்பூச்சியின் வேலை. இதையெல்லாம் ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்காரரும் குண்டூர்க்காரரும் பரம்பரையாக அறிவார்கள். அதற்கு ஏற்ப மருந்தும் வைத்திருக்கிறார்கள்.

புதியது பூவுக்குள் போய் உட்கார்ந்தது. 2021 முடிவில் ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் ஒரு பூவைப் பிய்த்தால் உள்ளே கறுப்பு எள் சிந்தினாற்போல் பேன் ஓடிற்று. பூ கொட்டியது. தப்பிய பூவும் கோணல் காயாக நின்றது. பாதிக்கு மேல் விளைச்சல் போன வயல்கள் பல. செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. மிளகாய் ஏழைப் பயிர் அல்ல; நாற்று, உரம், பறிகூலி என்று ஏக்கருக்குப் பெரிய முதல் கேட்கும் பயிர். குத்தகை நிலத்தில் வட்டிக்கு வாங்கிப் போட்டவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிர் கண்ணெதிரே போகும்போது மனிதன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? பழைய பேனுக்கு அடிக்கிற மருந்தையே அடித்தார்கள். கேட்கவில்லை என்றதும் இன்னொன்று, அதற்கு மேல் இரண்டைக் கலந்து. முட்டை இலைச் சதைக்குள் இருக்கிறது. கூட்டுப்பருவம் மண்ணில் இருக்கிறது. தின்கிற பருவம் பூவுக்குள் இருக்கிறது. மருந்து விழுந்தது வெளியே! வெளியே இருந்தவை இலைப்பேனைத் தின்னும் சிறு கொள்ளைப் பூச்சிகளும் சிலந்திகளும், பூவுக்கு வந்த தேனீக்களும். அவை செத்தன. காவலாளி செத்த வீட்டில் திருடனுக்கு என்ன பயம்?

செடியின் ரசாயனம்

இந்தப் போரில் செடி சும்மா நிற்கிறது என்று எண்ண வேண்டாம். இலையில் காயம் பட்டதும் உள்ளே ஒரு அமிலம் சுரக்கிறது; 'ஜாஸ்மானிக் அமிலம்' என்பார்கள். இந்தக் குடும்பத்து ரசாயனம் ஒன்றை 1962-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? நம் பெண்கள் தலையில் சூடும் ஜாதிமல்லியின் எண்ணெயிலிருந்து. பூவில் மணப்பதே இலையில் அபாயச் செய்தியாக ஓடுகிறது. செய்தி கிடைத்த மற்ற இலைகள், தின்ன வருகிறவனுக்குச் சீரணம் ஆகாத பொருள்களைத் தயார் செய்கின்றன. இந்தச் சுரப்பு இல்லாத தக்காளிச் செடியை வளர்த்துப் பார்த்ததில் இலைப்பேன் அதை அதிகமாகச் சேதம் செய்தது. கடிபட்ட செடியிலிருந்து காற்றில் கிளம்பும் வாசனையை மோப்பம் பிடித்து, பூச்சி தின்னும் பூச்சிகள் வருவதும் உண்டு.

பேனுக்கும் ரசாயன பாஷை தெரியும். மேற்கத்திய பூப்பேன் என்ற வகையின் குஞ்சைத் தொட்டால் வாலில் ஒரு சொட்டு நீர் விடும். அதில் இரண்டு ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசனை பட்டதும் பக்கத்துக் குஞ்சுகள் விலகி ஓடும். ஆண் பேன் வேறொரு வாசனையால் கூட்டத்தைச் சேர்க்கும். அந்த வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து ஒட்டுப்பொறியில் வைப்பது வெளிநாடுகளில் வந்துவிட்டது.

இவ்வளவு காரமான மிளகாயைப் பூச்சி எப்படித் தின்கிறது என்ற கேள்வி எழலாம். காரத்தை உண்டாக்கும் பொருள் காய்க்குள், விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் சுரக்கிறது. பூவில் கிடையாது. அந்தக் காரம் கூட விதையை மென்று அழிக்கும் பிராணிகளுக்கும் பூஞ்சைக்கும் எதிராக ஏற்பட்டது. விதையை முழுசாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவைக்கு உறைப்பதே இல்லை. கிளி பச்சை மிளகாய் தின்பதன் ரகசியம் இதுவே. தென் அமெரிக்காவில் பிறந்த செடி, அங்கத்துப் பகைக்கு ஏற்பக் கவசம் பூண்டது. சயாம் பக்கத்துப் பேன் பூவுக்குள் நுழையும் என்று அது கண்டதா?

செடியும் வெளியூர், பேனும் வெளியூர். பெயரைப் பாருங்கள்: வங்காளத்தில் மிளகாய்க்கு 'லொங்கா'; இலங்கையிலிருந்து வந்தது என்று நினைத்து வைத்த பெயர் என்பார்கள். நாம் மிளகைப் போல் உறைக்கும் காய் என்று மிளகாய் என்றோம். வந்தவன் ஊர் தெரியாமலே நானூறு வருஷம் ஆயிற்று. சாம்பாருக்கும் மாச்சேர் ஜோலுக்கும் ஒரு குறையும் இல்லை. பூச்சி விஷயத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

ஆறு வருஷ தூரம்

2015-ல் அலமாரிக்குப் போன பெயர் 2021 வரை வயலுக்குப் போகவில்லையே என்று கேட்பது நியாயம். அதற்கு ஒரு நியாயமான பதிலும் உண்டு. அன்று அது பப்பாளியில் இருந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிராணிகள் புதிதாகப் பதிவாகின்றன. எது சாதுவாக இருக்கும், எது நாளை பயிர் மாறி எமனாகும் என்று ஜோசியம் சொல்ல எவராலும் ஆகாது. பழைய டார்சாலிஸ் பேனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பூச்சி என்று ஒரு நூற்றாண்டாக நினைத்திருந்தது, டி.என்.ஏ.வைப் படித்தபோது அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது ஒன்பது தனி இனங்கள் மறைந்திருப்பது 2015-ல் தெரிந்தது.

ஆனாலும் பாதி நியாயம்தான். பதிவு ஆங்கிலத்தில் நடக்கிறது. நஷ்டம் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் நடக்கிறது. வெளிநாட்டுப் பூச்சி ஒன்று அகப்பட்டால் படத்தோடு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அந்தந்தப் பாஷையில் வேளாண் டிப்போ சுவர்களில் ஒட்டப்படுவது கஷ்டமான காரியம் அல்ல. ரயில்வே ஸ்டேஷனில் பிக்பாக்கெட் படம் ஒட்டுவதில்லையா?

2021-ல் பெங்களூர் வேளாண் விஞ்ஞானிகள் மிளகாய்ப் பூப்பேனை எடுத்துப் பார்த்தபோது, பெயர் தேட வேண்டியிராமல், ஒப்பிடுவதற்கு 2015-ன் பதிவும் அதன் டி.என்.ஏ. எழுத்துக்களும் தயாராக இருந்தன. அது ஒரு பெரிய உதவி. அதன் பிறகு வந்த யோசனைகள் மருந்துக்கடைக்காரருக்கு அவ்வளவு பிடித்தவை அல்ல: கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்துவது, ஊதா ஒட்டட்டை கட்டுவது, வேப்பெண்ணெய், வயல் ஓரத்தில் சோளமோ மக்காச்சோளமோ விதைப்பது, பேனைக் கொல்லும் பூஞ்சை மருந்து. பேன் ஒழிந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இருக்கிறது. கடல் தாண்டி 2020-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் போய்விட்டது.

ஊரில் அண்ணன் தம்பி மிளகாய் போட்டிருந்தால் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம். மருந்துக்குக் கடன் வாங்குமுன், ஐந்தாறு பூக்களை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுவதைச் சிறு தூரிகையை ஈரமாக்கித் தொட்டு எடுத்து, மூடியுள்ள சின்னச் சீசாவில் ஸ்பிரிட் ஊற்றிப் போட வேண்டும். ஃபார்மலின் கூடாது, அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். சீசாவை வேளாண் கல்லூரிக்கோ பக்கத்து வேளாண் ஆபீசுக்கோ கொண்டு போகலாம். அதற்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், தேதி, செடியின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டுவிட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.